வெட்டவெளித் தட்டு

காலையில் எழும்போதே இடுப்பு பிடித்துக்கொள்கிறது. நிமிர்ந்து நிற்க இரண்டு கையும் வேண்டும். ஒன்று சுவரில், ஒன்று தொடையில். தினம் முப்பத்தாறு தட்டு மணலைக் குந்தவைத்துச் சலிக்கிறவனுக்கு வேறென்ன வரும். செங்கல் சூளையில் பன்னிரண்டு வருஷம் மண் மிதித்தபோது முழங்கால் வலித்தது. புல்வெளி வேலைக்கு வந்த பிறகு வலி மேலே ஏறி இடுப்பில் உட்கார்ந்துவிட்டது. "வலியும் பதவி உயர்வு வாங்கிருச்சு" என்று என் மனைவி மேகலா தைலம் தேய்த்துக்கொண்டே சொல்வாள்.

என் வேலை எலிக்குச் சோறு வைப்பது. சொன்னால் சிரிப்பார்கள், அதனால் வெளியில் சொல்வதில்லை. மூலனூருக்கு மேற்கே நானூறு ஏக்கர் மேய்ச்சல் காடு. சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், அங்கங்கே ஒரு வேலாமரம். வேலிக்கு அந்தப் பக்கம் வரிசையாகக் காற்றாலைகள். புல்லுக்கு அடியில் வெள்ளெலிகள் வளை தோண்டிக் குடியிருக்கின்றன. ஒரு தட்டுக்கு மூன்று படி மணல், அதில் முப்பது கிராம் கம்பு கலந்து பொழுதிறங்க வைத்துவிட்டு வருவேன். பன்னிரண்டு தட்டு வேலி ஓரம், பன்னிரண்டு முழங்கால் உயரப் புல்லுக்குள், பன்னிரண்டு ஆடு மேய்ந்து மொட்டையான வெட்டவெளியில். விடிந்ததும் மணலைச் சலித்து, எலி தின்னாமல் விட்ட கம்பை எடை போட்டு எழுத வேண்டும்.

வேலி ஓரத்தில் மூன்று நான்கு கிராம்தான் மிஞ்சும். புல்லுக்குள் ஒன்பது பத்து. வெட்டவெளியில் இருபதுக்கு மேல். பௌர்ணமியை ஒட்டி இருபத்தாறுகூட நின்றிருக்கிறது. கம்பும் ஒன்று, மணலும் ஒன்று, எலியும் ஒன்று. தலைக்கு மேலே மறைவு இருந்தால் உட்கார்ந்து தின்கிறது. இல்லாவிட்டால் இரண்டு வாய் அள்ளிக்கொண்டு ஓடிவிடுகிறது.

ஆராய்ச்சிக்குப் பொறுப்பான ஜெசிந்தா மேடம் முதல் வாரமே இதை எனக்கு விளக்கினார். முப்பது வயதுதான் இருக்கும். வெயிலில் என்னோடு நடக்கச் சலிக்காதவர்.

"வயிறு நெறஞ்சு மிச்சம் வைக்கல திருமூர்த்தி. பசியோடதான் போகுது. எந்த இடத்துல பயம் பசிய ஜெயிக்குதோ, அந்த இடத்துல நிறுத்திருது. நீங்க எடை போடறது கம்பு இல்ல, பயம்."

எனக்கு அது சட்டென்று பிடிபட்டது. சூளை முதலாளி வீட்டுக் கல்யாணங்களில் எத்தனை முறை பாதி இலையில் எழுந்து வந்திருக்கிறேன்.

இரண்டாவது வருஷம் வில்லை வந்தது. துவரம்பருப்பு அளவுதான். எலியின் காதுக்குப் பின்னால் தோலைக் கீறி உள்ளே வைத்து ஒட்டிவிடுவார்கள். மறைவுக்குள் இருக்கும்போது எலியின் மூளையில் ஓர் இடம் அமைதியாக இருக்குமாம். வெளியே வந்தால் அந்த இடம் கத்துமாம். வில்லை அந்தக் கத்தலை அடக்கிவிடும். பிறகு எங்கே நின்றாலும் எலிக்குத் தலைக்கு மேல் புதர் இருப்பது போலவே இருக்கும். எலிக்கு எதற்கு இத்தனை சொகுசு, காற்றாலைக் கம்பெனி எதற்கு இதற்குச் செலவு செய்கிறது என்று கேட்டேன். மேடம் வேலிக்கு அந்தப் பக்கம் பார்த்தார். காற்றாலையின் இறக்கையில் கயிறு கட்டி ஓர் ஆள் தொங்கிக்கொண்டிருந்தான்.

இருபது எலிக்கு வில்லை வைத்தோம். இன்னொரு இருபதுக்கு, ஒப்பிட்டுப் பார்க்க, உள்ளே ஒன்றுமில்லாத வெறும் ஓடு மட்டும். வில்லையில் சிவப்புப் புள்ளி இருக்கும், ஓட்டில் இருக்காது. மூன்றாம் நாளே வெட்டவெளித் தட்டுகளில் ஒரு மணி கம்பு மிஞ்சவில்லை. துடைத்து வைத்திருந்தன.

இப்போது என் சகலையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

மாமியார் வீட்டில் இரண்டு பெண்கள். மூத்தவளை நான் கட்டினேன். ஐந்து வருஷம் அந்த வீட்டுக்கு நான் ஒருவன்தான் மாப்பிள்ளை. கோழி அடித்தால் கால் எனக்கு. தன் மூன்று ஏக்கர் காட்டைக் குத்தகைக்கு விடுவதா வேண்டாமா என்று மாமனார் என்னைக் கேட்பார். என் சொந்த வீட்டில் எவனும் என்னைக் கேட்டு எதையும் செய்ததில்லை. அதனால் அந்த ஐந்து வருஷத்தின் ருசி எனக்கு நன்றாகத் தெரியும். பிறகு இளையவள் சௌமியாவுக்கு நந்தகுமார் வந்தான். ஐடிஐ படித்தவன். என்னைவிட ஒன்பது வயது சின்னவன். வெள்ளைச் சட்டை போட்டால் அழுக்காகாத உடம்பு. கல்யாணத்துக்குப் பிறகு வந்த முதல் விருந்தில் மாமியார் ஒரு காலை எனக்கும் ஒரு காலை அவனுக்கும் வைத்தார். கோழிக்கு இரண்டு கால்தானே, நியாயம்தான். எனக்கு அன்று இறங்கவில்லை.

அவன் காற்றாலை கம்பெனியில் சேர்ந்தான். கயிற்றில் தொங்குகிறவனுக்குத்தான் அங்கே மரியாதை. இவன் முதல் நாள் முப்பது மீட்டர் ஏறியதும் ஏணியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதுவிட்டான். இரண்டு பேர் ஏறி இறக்கிக்கொண்டு வந்தார்கள். அதன் பிறகு ஸ்டோரில் போல்ட் எண்ணிக் கொடுக்கிற வேலை. சௌமியா வந்து அக்காவிடம் சொல்லி அழுதாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து ஆறுதல் சொன்னேன். உள்ளே எனக்கு எப்படி இருந்தது தெரியுமா, சூளையில் வெயில் வேலை முடித்து மோர் குடித்தது போல இருந்தது. பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது.

வில்லை வைத்துப் பதினைந்து நாளில் கூண்டுப் பொறி வைத்து எலிகளைப் பிடித்தோம். வெறும் ஓடு வைத்ததில் பதினேழு கிடைத்தன. வில்லை வைத்ததில் ஆறுதான் கிடைத்தன. மீதி பதினான்குக்கு நேராக 'பிடிபடவில்லை' என்று எழுதினேன். அப்படித்தான் எழுதச் சொல்லியிருந்தார்கள். கண்ணால் சவத்தைப் பார்க்காமல் 'செத்தது' என்று எழுதக்கூடாது. தட்டைத் துடைத்துத் தின்கிற எலி வயிறு நிறைந்து வளையில் படுத்திருக்கும், பொறியில் இருக்கிற கம்புக்கு எதற்கு வரும் என்று மேடம் யோசித்தார். அதிலும் ஒரு நியாயம் இருந்தது.

காட்டின் கிழக்கு மூலையில் பாழடைந்த மோட்டார் ரூம் ஒன்று உண்டு. கூரையில் ஒரு கூகை, பெரிய ஆந்தை, குடியிருந்தது. நாற்றத்துக்குப் பயந்து யாரும் உள்ளே போவதில்லை. சூளையில் வேலை செய்தவனுக்கு நாற்றம் ஒரு பொருட்டில்லை; மதியம் நிழலுக்கு அங்கேதான் இடுப்பை நீட்டிப் படுப்பேன். கூகை தின்றதில் செரிக்காத முடியையும் எலும்பையும் உருண்டையாகக் கக்கும். அன்று தரையில் அவை வழக்கத்தைவிட நிறையக் கிடந்தன. ஒன்றைக் காலால் நசுக்கினேன். சிவப்புப் புள்ளி தெரிந்தது.

எல்லாவற்றையும் உடைத்துப் பார்த்தேன். பதினொன்று. ஒன்றில்கூட வெறும் ஓடு இல்லை. எல்லாம் வில்லைதான். வளைக்குத் திரும்ப மறந்து, வெட்டவெளியில் உட்கார்ந்து கடைசி மணி வரை தின்றுகொண்டிருந்த எலிகள். கூகைக்குத் தட்டில் வைத்துக் கொடுத்தது போல இருந்திருக்கும். வில்லைகளைக் கழுவி ஒரு தீப்பெட்டியில் போட்டுக்கொண்டேன். மேடம் ஊருக்குப் போயிருந்தார். திங்கட்கிழமை வந்ததும் கொடுப்பதாகத்தான் நினைப்பு. அது வெள்ளிக்கிழமை. இது சத்தியம்.

ஞாயிற்றுக்கிழமை மாமியார் ஊரில் மாரியம்மன் நோம்பி. உறவுக்காரர்கள் எல்லாம் வந்திருந்தார்கள். நான் போனபோது கட்டிலில் நந்தகுமார் உட்கார்ந்திருந்தான், சுற்றிலும் கூட்டம். என்னைப் பார்த்ததும் எழுந்து இடம் விட்டான். அந்த மரியாதையும் எனக்குக் கசந்தது. விஷயம் இதுதான்: கம்பெனி முதலில் ஆறு பேருக்கு வில்லை வைக்கப்போகிறது, அதில் அவன் ஒருவன். புதன்கிழமை கோயமுத்தூரில் வைக்கிறார்கள். இனி கயிற்றில்தான் வேலை, இரட்டைச் சம்பளம், கம்பெனி வீடு.

மாமியார் எனக்குக் குழம்பு ஊற்றியபடியே, "சின்ன மாப்பிள்ளைக்கு இனி பயமே வராதாமுங்க. நாங்கூட ஒண்ணு வச்சுக்கலாமான்னு கேட்டேன், மருமகளக் கண்டா எனக்குப் பயமா இருக்குதுன்னு" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அவருக்கு மருமகளே கிடையாது, மகன் இருந்தால்தானே. நானும் சிரித்தேன். இலையில் பார்த்தேன். எனக்கு நெஞ்செலும்பு வந்திருந்தது. கால் இரண்டும் எங்கே போனது என்று நான் தேடவில்லை, தெரிந்துவிட்டது.

மாமனார் காட்டு விஷயம் பேச அவனைத் தனியாகக் கூட்டிக்கொண்டு போனார்.

திங்கட்கிழமை காலை மேடம் என் ஏட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முகம் தெளிவாக இல்லை. பதினான்கு எலி பிடிபடாதது அவரை உறுத்தியது. கம்பெனிக்காரர்கள் அன்று மாலைக்குள் அறிக்கை கேட்டிருந்தார்கள். என்னைக் கூப்பிட்டு எதிரில் உட்காரச் சொன்னார். அதுவரை அவர் எதிரில் நான் உட்கார்ந்ததில்லை.

"செத்திருந்தா ஏதாவது ஒரு அடையாளம் கெடச்சிருக்கணும் இல்லையா? இந்தக் காட்ட உங்கள மாதிரி நடக்கிற ஆள் வேற யாரும் இல்ல. எதாவது கண்ணுல பட்டுதா?"

தீப்பெட்டி என் சட்டைப் பையில் இருந்தது.

"ஒண்ணும் படலீங்க மேடம்" என்றேன்.

அவர் கையெழுத்துப் போட்டார். கீழே 'களத்தில் கவனித்தவர்' என்ற இடத்தில் என்னையும் போடச் சொன்னார். போட்டேன். திரும்பும் வழியில் தண்ணீர் வற்றிப்போன ஆழ்துளைக் குழாய்க்குள் தீப்பெட்டியைப் போட்டுவிட்டேன். அடியில் விழும் சத்தம் கேட்கவில்லை.

அவன் விழுந்து சாக வேண்டும் என்று நான் நினைத்தேனா என்றால், இல்லை. ஒருமுறை நடுங்கட்டும், நாலு பேர் பார்க்க ஏணியைக் கட்டிக்கொண்டு திரும்பவும் அழட்டும் என்று நினைத்தேன். பயமே இல்லாதவன் எப்படி நடுங்குவான் என்று யோசிக்கிற புத்தி பொறாமைக்குக் கிடையாது.

அவன் நடுங்கவில்லை. வைகாசி முழுக்க நான் மணல் சலிக்கும்போது நிமிர்ந்தால் வானத்தில் அவன் தெரிந்தான். நூற்றைம்பது மீட்டர் உயரத்தில் இறக்கை நுனியில் தொங்கிக்கொண்டு ஒரு கையால் வேலை செய்வான், மறு கையால் என்னைப் பார்த்து ஆட்டுவான். இரண்டு ஆள் வேலையை ஒருவனே முடித்தான். கம்பெனி வாசலில் அவன் படத்தைப் பெரிதாக வைத்தார்கள். அந்த வழியாகத்தான் நான் தினமும் சைக்கிளில் போக வேண்டும். மேகலாவும் ஒருநாள், "நீங்களும் கேட்டுப் பாருங்களே, உங்களுக்கும் ஒண்ணு வெக்க மாட்டாங்களா?" என்றாள். அன்று அவளோடு நான் பேசவில்லை.

ஆனி மாதம் சௌமியா தனியாக என்னைத் தேடிக் காட்டுக்கு வந்தாள். வேலி ஓரம் நின்று, செருப்பால் மண்ணைக் கிளறிக்கொண்டே சொன்னாள். ரோட்டை இவர் பார்க்காமல் தாண்டுகிறார், லாரி பிரேக் போட்டுத் திட்டினால் சிரிக்கிறார். வீட்டுக்கு நேரத்துக்கு வருவதில்லை, வேலை முடிந்துவிட்டது என்பதே தெரிவதில்லை. அதெல்லாம் போகட்டும் என்று நிறுத்தினாள்.

"முந்தாநேத்து பாப்பா போயி கெணத்துத் திட்டு மேல ஏறி நின்னுக்கிட்டுதுங்க மாமா. மூணு வயசு. இவரு நாலு அடி தள்ளி நிக்கறாரு. நல்லாருக்குது பாரு, நம்ம பாப்பாவுக்குப் பயமே இல்லேங்கறாரு. நாந்தான் ஓடிப் போயித் தூக்கினேன். எலிகளுக்கு இப்பிடி எதாவது ஆச்சுங்களா? நீங்கதான பாக்கறீங்க."

எனக்குக் கிணறு கண்ணில் தெரிந்தது. வாய் திறந்தேன். அந்த நேரம் பார்த்து அவள், "அப்பா காட்ட அவரு பேருக்கே எழுதறேன்னு இருக்கறாரு, இந்த நேரத்துல நான் எதும் பேசக்கூடாதுன்னு அம்மா சொல்லுது. ஆனாலும் மனசு கேக்கலீங்க" என்றாள்.

மாமனாரின் மூன்று ஏக்கர். பதினோரு வருஷமாக ஒவ்வொரு விதைப்புக்கும் இடுப்பொடிய உழுது கொடுத்தவன் நான்.

"எலியெல்லாம் நல்லாத்தான் இருக்குது சௌமியா. போகப் போகச் சரியாயிரும்" என்றேன்.

ஆடிக் காற்று அந்த வருஷம் பத்து நாள் முன்பே வந்துவிட்டது. காலை பத்து மணிக்கு இறங்கச் சொல்லிச் சங்கு ஊதியது. கயிற்றில் இருந்தவர்கள் எல்லாம் இறங்கினார்கள். வில்லை வைத்த மற்ற ஐந்து பேரும்கூட இறங்கினார்கள். சங்கு ஊதினால் இறங்க வேண்டும் என்று பழக்கியிருந்தார்கள். நந்தகுமாருக்கு இன்னும் ஒரு போல்ட் முடுக்க வேண்டியிருந்தது. நான் கீழே புல்லுக்குள் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். புல் தரையோடு படுத்து எழுந்தது. அவன் அவசரப்படவே இல்லை. வெட்டவெளித் தட்டில் கடைசி மணியைப் பொறுக்குகிற எலி போல, குனிந்து நிதானமாக முடுக்கிக்கொண்டிருந்தான். காற்று அவனைக் கயிற்றோடு தூக்கித் தூணில் அடித்தது. ஒருமுறை. பிறகு இன்னொரு முறை.

கயிறு அறுபடவில்லை. உயிர் தப்பியது. இடுப்பெலும்பும் முதுகுத்தண்டும் போய்விட்டன. இனி நடக்க மாட்டான்.

விசாரணை நடந்தது. என் கையெழுத்துப் போட்ட தாளை வைத்துத்தான் நடந்தது. வில்லை வைத்த எலிகளில் ஒன்றுகூட இறந்ததாகப் பதிவு இல்லை, ஆகவே வில்லையில் குற்றமில்லை, சங்கு ஊதியும் இறங்காதது தொழிலாளியின் கவனக்குறைவு என்று எழுதிவிட்டார்கள். அடுத்த மாதம் இன்னும் நாற்பது பேருக்கு வைக்கிறார்கள். மேடம் என்னைப் பார்க்கும்போது எதையோ கேட்க வருவது போல நிற்பார், பிறகு போய்விடுவார்.

நந்தகுமாருக்கு மட்டும் வில்லையை எடுத்துவிட்டார்கள். மூன்று மாதம் அடக்கி வைத்த கத்தல் மொத்தமாகத் திரும்பிவிட்டது. மாமியார் வீட்டு உள் அறையில், ஜன்னலைச் சாத்தி, தரையில் பாய் போட்டுப் படுத்திருக்கிறான். கட்டிலில் போட்டால் உயரம் என்று அழுகிறான். வாசல் கதவு திறந்தால் போர்வையைத் தலைவரை இழுத்துக்கொள்கிறான். சாப்பாட்டைப் பாதியில் நிறுத்திவிடுகிறான். தட்டில் அவன் வைக்கிற மிச்சத்தைப் பார்த்தால் என் கை தானாக எடை போடுகிறது.

போன வாரம் போயிருந்தேன். மாமியார் அவனுக்கு ஊட்டிவிட்டுக்கொண்டிருந்தார். எனக்குத் தண்ணீர் கொடுக்கக்கூட யாரும் எழவில்லை. அப்போதும் எனக்குள் சுருக்கென்று ஒன்று குத்தியது. இடுப்பொடிந்து கிடக்கிறவனைப் பார்த்து. இதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

அவர் எழுந்து போனதும் நந்தகுமார் என் கையைப் பிடித்துக்கொண்டான். விரல்கள் நடுங்கிக்கொண்டிருந்தன. பேச்சு மெதுவாகத்தான் வந்தது.

"அண்ணா, உங்களப் பாத்து எனக்கு எப்பவுமே பொறாமைங்க. கல்யாணமாகி வந்த நாள்ல இருந்து. இந்த வீட்ல எது நடந்தாலும் பெரிய மாப்பிள்ளை இப்பிடிப் பண்ணுவாரு, பெரிய மாப்பிள்ளை இப்பிடிச் சொல்லுவாரும்பாங்க. ஸ்டோர்ல உக்காந்து போல்ட் எண்ணிக்கிட்டு இருப்பேன், ஜன்னல்ல பாத்தா நீங்க அந்தம்மாவோட சரிக்குச் சரி பேசிக்கிட்டுப் போவீங்க. ஒருநாளாவது உங்களத் தாண்டிப் போகோணும்னுதான் வெச்சுக்கிட்டேன்."

மறு கையால் அவன் போர்வையை இழுத்துவிட்டேன்.

"வெக்கறதுக்கு முன்னால ஒரு தாள் குடுத்தாங்க. படிச்சுப் பாத்துக் கையெழுத்துப் போடுன்னாங்க. பயமாத்தான் இருந்துச்சு. கடைசிப் பக்கத்துல உங்க பேரு இருந்துதுங்க. அண்ணன் பாத்திருக்கறாரு, எதாச்சும் தப்பு இருந்தா நம்மகிட்டச் சொல்லாம இருப்பாரான்னு உடனே போட்டுட்டேன்."

வெளியே எங்கோ கதவு சாத்துகிற சத்தம். அவன் என் கையை இறுக்கிக்கொண்டான். சத்தம் அடங்கும்வரை மூச்சுவிடவில்லை. பிறகு கேட்டான், "அந்த எலிக என்னாச்சுங்கண்ணா?"

நல்லாருக்குது என்று சொன்னேன். அவன் தலையாட்டினான். நம்பிவிட்டான்.

அவனுக்கு நான் ஒரு பதில் கடன்பட்டிருக்கிறேன். எலிகள் செத்துப்போயின, உனக்கு வைப்பதற்கு ஐந்து நாள் முன்பே எனக்குத் தெரியும், நீ என்னைத் தாண்டிப் போகக்கூடாதென்று சொல்லாமல் இருந்தேன். இவ்வளவுதான் அந்தப் பதில். இன்னும் கொடுக்கவில்லை.